வலம் வரும் கீபோர்டு

என் சகலை வேடியப்பனுக்கு அவருடைய சொந்த மகளே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள். கல்யாணம் வேறு யாருக்கும் இல்லை, அவளுக்குத்தான். அடியில் 'வருவீங்களாப்பா?' என்று ஒரு வரி. அதற்கு 'வரேன்' என்றோ 'வரமாட்டேன்' என்றோ பதில் போட வேண்டும். மூன்று எழுத்து, மிஞ்சிப் போனால் ஆறு. அந்தப் பதிலைப் போடுவதற்கு முன்னால் உலகத்தில் உள்ள செல்போன் கீபோர்டையெல்லாம் மாற்றி அமைத்தாக வேண்டும் என்று கிளம்பினார் மனிதர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைக் குறை சொன்னதோடு நின்றாள். இடித்துக் கட்டக் கொத்தனாரைக் கூப்பிடவில்லை.

நான் சக்கரவர்த்தி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். திருவண்ணாமலை தேரடி வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என் ஆட்சி கண்ணாடி ஷோகேஸோடு முடிந்துவிடும். வேடியப்பன் கட்டியது அக்கா எல்லம்மாளை, நான் கட்டியது தங்கை கஸ்தூரியை. ஆகவே அவர் செய்யும் கூத்தையெல்லாம் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வேடியப்பனுக்குச் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வாலிபத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, சர்க்கார் வேலை வீடு தேடி வரும் என்று காத்திருந்தார். சர்க்கார் கூப்பிடவில்லை, லாட்ஜ் கூப்பிட்டது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்த லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்தவர், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். லாட்ஜுக்கு ஒரு முதலாளி உண்டு. அந்த விஷயத்தை வேடியப்பனிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

பௌர்ணமி நெருங்கினால் ஹைதராபாத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் 'ரூம் இருக்கா' என்று மெசேஜ் கொட்டும். இடது கையில் சாவிக்கொத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசப்ஷன் போன், மிச்சம் இருக்கிற வலது கட்டைவிரலால் 'ரூம் இல்லை' என்று அடித்துக்கொண்டே இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய காரியம் நடப்பது போலவே இருக்கும்.

நல்ல மனிதர்தான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, வீம்பு ஒன்றைத் தவிர. என் கல்யாணத்தில் இவரை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டார்களாம். மூத்த மாப்பிள்ளையை! அன்று முதல் மாமனார் வீட்டு விசேஷம் எதிலும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலோரமாக நின்றே சாப்பிட்டு முடிப்பார். கேட்டால், "இடுப்பு வலிப்பா, உக்காந்தா எழுந்திரிக்க முடியல" என்பார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் லாட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அதே இடுப்பு. கோபத்தைக் கோபம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வியாதியின் பெயரையோ ஒரு சாமானின் பெயரையோ சொல்லித்தான் கோபித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள், கவிநிலா. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பொங்கலுக்கு வந்தவள், கூட வேலை பார்க்கும் இனியனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வேடியப்பன் நாலு பக்கமும் விசாரித்தார். வேலையில் குறையில்லை, குணத்தில் குறையில்லை, பீடி சிகரெட் கிடையாது. குறை சொல்ல வேறொன்றும் அகப்படாததால் சாதியைச் சொன்னார். வார்த்தை வளர்ந்தது. "இனிமே எனக்குப் போன் பண்ணாத. உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்று கத்தினார்.

அந்தப் பெண் அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தது. சொன்னது சொன்னபடி அப்பாவுக்கு ஒரு போன் கிடையாது. அம்மாவோடு மட்டும் தினமும் பேசுவாள். எல்லம்மாள் அக்கா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டுப் பேசும். பக்கத்து அறையில் இவர் டிவி சத்தத்தைக் கம்மி பண்ணிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் குரல்தான் காதில் விழக்கூடாத குரல்.

ஆடி மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும், மெசேஜ் வந்தது. போன் பண்ணக் கூடாது என்றுதானே சொன்னார், மெசேஜ் அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லையே. ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஓசூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் என்று தேதி நேரத்தோடு எழுதியிருந்தாள். வேடியப்பன் நேராக என் கடைக்கு வந்து, ரிப்பேர் ஆன போனைக் காட்டுவது போலத் திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பார்த்தியா தம்பி? பெத்தவனுக்கே பத்திரிகை!"

அவர் வலி எனக்குப் புரியாமல் இல்லை. நம் பக்கத்தில் பத்திரிகை என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, பத்திரிகை மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, பெண்ணைப் பெற்றவனே வீடு வீடாகப் போய் நின்று கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய கையில் ஒன்றும் இல்லாமல், வாங்கிக்கொள்ளும் கையாக நிற்க வைத்துவிட்டாள் மகள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்திரிகை வாங்கியவன் பதில் எழுதும் வழக்கமே நமக்குக் கிடையாது. வருகிறவன் வருவான். வராதவன் மொய்யை யார் கையிலாவது கொடுத்தனுப்புவான். 'தங்கள் அழைப்பு கிடைத்தது, வருகிறேன்' என்று எழுதிப் போட்டுவிட்டு எவனும் கல்யாணத்துக்குப் போனதில்லை. அதிலும் மகள் கல்யாணத்துக்கு மகளே அழைத்து, அப்பன் பதில் எழுதுவது என்பது அவர் வம்சத்திலேயே நடக்காத காரியம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யாரைப் போய்க் கேட்பார்?

"அதெல்லாம் கெடக்கட்டும்ணா. போகணும்னு இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்" என்றார்.

வேறு விஷயமாம்! மறுநாளே ஆடித் தள்ளுபடியில் பட்டு வேட்டியும் சட்டையும் எடுத்து பீரோவில் வைத்தாயிற்று. எல்லம்மாள் அக்கா கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "தள்ளுபடி ஜாஸ்தியா இருந்திச்சி, அதான்" என்று பதில் வந்ததாம். அக்கா விடவில்லை.

"வரேன்னு நானே அவகிட்ட சொல்லிடட்டுமா?"

"கேட்டது என்னை. நடுவுல நீ யாரு?"

"அப்ப மெசேஜும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம். பஸ் ஏறிப் போயி நில்லுங்க."

"பதிலே சொல்லாம போயி நிக்க நான் இன்னா அழையா விருந்தாளியா?"

"அதான் அழைச்சிருக்காளே!"

"அவ அழைச்சிருக்கா. நான் வரேன்னு சொல்லலையே."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய்த் தீர்ப்பு வாங்குவது? கவிநிலாவும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்பாவே சொல்லட்டும்மா. சொன்னாதான் வர்றாருன்னு எடுத்துப்பேன்" என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆக, அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கீபோர்டு. பழி எதன்மேல் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தினமும் சாயங்காலம் டீக்கு வெளியே வருகிற சாக்கில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். மூலையில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வார். கட்டைவிரல் நாலு வார்த்தை அடிக்கும். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக அழிக்கும். மறுபடி இரண்டு வார்த்தை, மறுபடி அழிப்பு. பெருமூச்சு விட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"இன்னாணா ஆச்சி?"

"கீபோர்டு சரியில்லப்பா."

முதல் வாரம் இதோடு நின்றது. அடுத்த வாரம் அது கொள்கையாக வளர்ந்துவிட்டது.

"இது யாருக்காகப் போட்டது தெரியுமா உனக்கு? மிஷின் முன்னாடி நிமிர்ந்து உக்காந்து பத்து விரலால அடிக்கிறவனுக்குப் போட்டது. அந்தப் பெரிய கோலத்த அப்படியே சுருக்கி உள்ளங்கையில ஒட்டிட்டான். நாம இன்னா பத்து விரலாலயா அடிக்கிறோம்? ஒரே கட்டைவிரலு. அதுவும் நடந்துகினே, பேசிகினே. ஒரு எழுத்து இந்த ஓரம், அடுத்த எழுத்து அந்த ஓரம். விரலு கபடி ஆடுது. இதுல மனசுல இருக்கறத ஒரு மனுசன் எப்படிப்பா எழுதுவான்?"

பேச்சில் நியாயம் இருந்தது. வேடியப்பன் பேச்சில் எப்போதுமே நியாயம் இருக்கும். அவரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள கஷ்டமே அதுதான் என்று எல்லம்மாள் அக்கா சொல்லும்.

காலத்துக்கு ஏற்ற கீபோர்டு போட வேண்டுமானால் காலத்து ஜனங்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு என் கடையைவிட வசதியான இடம் ஏது? வருகிற கஸ்டமரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பூ விற்கும் சரசு சார்ஜர் வாங்க வந்தாள். அவள் போனில் கீபோர்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. மைக்கை அமுக்கி, "அண்ணே, நாளைக்கு மல்லி ஜாஸ்தியா போடு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனாள். ஆட்டோ ராஜேந்திரன் என் கடை வாசலில் ஆட்டோவின் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, சவாரிக்காரருக்கு 'வந்துகிட்டே இருக்கேன்' என்று அனுப்பினார். அதையும் அடிக்கவில்லை, முன்பு அனுப்பியதையே எடுத்து மறுபடி அனுப்பினார். கல்லூரியில் படிக்கும் தஹ்சீன் போன் திரைக்குக் கண்ணாடி ஒட்ட வந்தாள். அவள் மட்டும்தான் அடித்தாள். இரண்டு கட்டைவிரலும் பறந்தன, கண் என்னவோ ஷோகேஸில் இருந்த போன் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மாடி, கொஞ்சம் மெதுவா அடிச்சிக் காட்டேன்" என்று கெஞ்சினார் வேடியப்பன்.

"மெதுவா அடிச்சா தப்பா வருது, அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆராய்ச்சியின் முடிவு இப்படி இருந்தது. ஊரில் பாதிப் பேர் வாயால் பேசி அனுப்புகிறார்கள். மீதிப் பேர் கும்பிடுகிற பொம்மையும் சிரிக்கிற பொம்மையும் அனுப்புகிறார்கள். காலை வணக்கம் எவனோ செய்தது, வரிசையாகக் கை மாறி வருகிறது. உட்கார்ந்து ஒரு பதிலை எழுதியே ஆக வேண்டிய ஆள் திருவண்ணாமலையில் ஒருவர்தான் இருந்தார். அவரோ எழுதாமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"ஏன்ணா, நீயும் அந்த சரசு மாதிரி மைக்க அமுக்கி 'வரேம்மா'ன்னு சொல்லி அனுப்பிடேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "குரலே காதுல விழக்கூடாதுன்னு சொன்னவன், இப்ப என் குரல அனுப்பறதா? நல்லா இருக்குதுப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். அது உருண்டு ஷோகேஸுக்கு அடியில் போய்விட்டது. ஆள் அசையவில்லை.

ஆடிப் பௌர்ணமி அன்றைக்கு ஞானம் பிறந்தது. சாயங்காலம் லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு வழக்கம்போல 'ரூம் இல்லை' அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே கிரிவலக் கூட்டம் ரோடு கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எனக்குப் போன் போட்டார். கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம்.

"தம்பி, எத்தனை லட்சம் பேரு போறாங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் மோதறானா பாரு. ஏன் மோதல? எல்லாரும் ஒரே பக்கமா சுத்தறான். கீபோர்டையும் அப்படித்தான் போடணும்!"

வேறு ஊர்க்காரனாக இருந்தால் இந்த யோசனை வந்திருக்காது. வட்டமான கீபோர்டு. நடுவில் மலை. சுற்றி எட்டுத் திக்கில் எட்டு லிங்கம் இருப்பது போல எட்டு வீடு, வீட்டுக்கு இத்தனை எழுத்து. கட்டைவிரலை வைத்து வலமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது விழும். எடுக்காமல் தாண்டிவிட்டால்? திரும்பி வரக் கூடாது. இடமாகச் சுற்றுவது அபசாரம். முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்துதான் அந்த எழுத்தைப் பிடிக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று பேச்சுக்குச் சொல்வோம். அதற்கு ஒரு மிஷினே செய்யப் பார்த்தார் என் சகலை.

செய்து கொடுக்க ஆள் கிடைக்காது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் செங்கம் ரோட்டில் எதற்கும் ஆள் கிடைப்பார்கள். லாட்ஜின் மாடி அறையில் ஆதவன் என்று ஒரு பெங்களூர் சாஃப்ட்வேர்க்காரர் ஒரு மாதமாகத் தங்கியிருந்தார். வேலையை விட்டுவிட்டு அமைதி தேடி வந்தவர், மௌன விரதம். கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை மாட்டியிருப்பார். வாயை மட்டும்தான் மூடியிருந்தார். சாம்பாரில் உப்பு கம்மி என்பதிலிருந்து பிறவி எதற்கு என்பது வரை எல்லாவற்றையும் போனில் அடித்து அடித்துக் காட்டிக்கொண்டே இருப்பார். பேசுகிறவன்கூட மூச்சு வாங்க நிறுத்துவான், இவர் நிறுத்த மாட்டார். வேடியப்பன் தன் வட்டத்தை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியதும், அமைதி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கண்ணே பளபளத்துவிட்டதாம்.

ஆவணி பிறப்பதற்குள் கீபோர்டு தயார். அதை வேடியப்பன் போனில் ஏற்றும் கைங்கர்யம் என் தலையில் விழுந்தது. ஏற்றிவிட்டுப் பார்த்தேன், ஒன்றைக் காணவில்லை.

"அழிக்கிற பட்டன் எங்கண்ணா?"

"கிடையாது. கிரிவலத்துல பாதி வழியில யாராச்சும் திரும்புவாங்களா? தப்பா வந்தா மொத்தத்தையும் எடுத்துட்டு, மறுபடியும் மொதல்லருந்து சுத்தணும்."

"இத எவன்ணா யூஸ் பண்ணுவான்?"

"மனசுல ஒரு முடிவோட அடிக்கிறவன் பண்ணுவான்."

அப்படிப்பட்டவர் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

முதல் சோதனை எல்லம்மாள் அக்காவின் போனில் நடந்தது. 'வரும்போது புளி வாங்கி வரவும்' என்று லாட்ஜுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னார் வேடியப்பன். அக்கா சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு போனை டிவி மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடையில் புளியை வாங்கி வந்து, ரசமும் வைத்துவிட்டது. வேடியப்பன் வீட்டுக்கு வந்து, "பழகினா வேகம் வரும்" என்றார்.

"எனக்கு வேகம் வர்றது இருக்கட்டும்" என்றது அக்கா. "கல்யாணம் வந்துடிச்சி. இன்னும் ஒரு வார்த்தை பதில் போடல நீங்க. புள்ள தெனம் கேக்குது, அப்பா எதுனா சொன்னாரான்னு. நான் இன்னா பதில் சொல்றது, சொல்லுங்க? அப்பா கீபோர்டு செய்யறாருன்னு சொல்லட்டுமா?"

வேடியப்பன் தட்டை வைத்து ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லம்மாள் அக்காவும் என் மனைவி கஸ்தூரியும் ஓசூருக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அக்கா ஜன்னல் வழியாக என்னிடம், "தம்பி, நான் அவர இனிமே கூப்ட மாட்டேன். வந்தா வரட்டும். வரலன்னா அந்தப் புள்ள முகத்த நான் எப்படிப் பார்ப்பேன்னு மட்டும் தெரியல" என்றது. எந்த நேரமும் சிரித்துச் சண்டை போடுகிற பொம்பளை, அன்றைக்குப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கு வேடியப்பன்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மத்தியானம் கடைக்கு வந்தார். தோளில் பை. பையின் ஜிப் மூடாமல் பட்டு வேட்டியின் ஜரிகை எட்டிப் பார்த்தது. முகம் வழித்து, தலைக்குச் சாயம் அடித்து, பார்க்க மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

"கிளம்பிட்டியாண்ணா!" என்று சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன்.

"பதில் போட்டுட்டு கிளம்பறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போனை எடுத்தார். வட்டம் வந்தது. கட்டைவிரலை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் ஒருவருக்கு சிம் மாற்றிக் கொடுத்தேன், இன்னொருவருக்கு பேட்டரி போட்டுக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் முதல் வார்த்தையில் இருந்தார். ஒரு எழுத்துக்குச் சுற்றும்போது கடை வாசலில் ஹார்ன் அடித்தது, விரல் தாண்டிவிட்டது, மறுபடி சுற்று. இன்னொரு எழுத்து வேறாக விழுந்தது, மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நெற்றி வியர்த்திருந்தது. ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஓசூர் பஸ் ஒன்று போயிருக்கும். இன்னொன்றும் போயிருக்கும். வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"ஒரு போன் பண்ணித் தொலையேன்ணா! உன் காலுல வேணா விழறேன். ஒரு நிமிஷம் ஆவாது!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"எந்த மூஞ்சிய வெச்சிகினு பண்றது தம்பி? போன் பண்ணாதன்னு சொன்னவன் நான். அது சொன்ன பேச்ச காப்பாத்திகினு கம்முனு கெடக்குது. நான் பண்ணி, அது 'அலோ'ன்னு சொன்னா, அப்புறம் நான் இன்னா சொல்லுவேன்? எனக்குப் பேச்சு வராதுப்பா. எனக்குத் தெரியும், வராது."

இத்தனை நாளாகக் கீபோர்டு, கீபோர்டு என்று சொன்னவர் முதல் தடவையாக உள்ளதைச் சொன்னார். வெட்கம். பெற்ற மகளிடம் தப்பு செய்துவிட்ட வெட்கம்.

அவர் மறுபடி குனிந்து சுற்ற ஆரம்பித்தார். பாதிச் சுற்றில் அவர் கையில் இருந்த போன் அலறியது. வட்டம் மறைந்து, திரை முழுக்கக் கவிநிலாவின் படம். வேடியப்பன் நெருப்பைத் தொட்டவர் மாதிரி விரலை எடுத்துவிட்டார். போனை எடுக்கவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் போய் நானே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா? அப்பா, என்னப்பா ஆச்சி? உடம்புக்கு எதுனா பண்ணுதா?"

அவர் போனை என் பக்கம் நீட்டினார். நான்தான், "ஒண்ணுமில்ல கவி, சித்தப்பா பேசறேன். அப்பா நல்லாதான் இருக்காரு, பக்கத்துலதான் உக்காந்திருக்காரு" என்றேன்.

"பயந்துட்டேன் சித்தப்பா. ரொம்ப நேரமா டைப்பிங் டைப்பிங்னு காட்டிகினே இருக்கு, ஒண்ணும் வரமாட்டேங்குது. அப்பா, கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா" என்றார் வேடியப்பன். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "புது கீபோர்டும்மா. கொஞ்சம் லேட்டாவுது."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"தெனமும் வரும்பா. சாயங்காலமானா டைப்பிங்னு வரும். வேலையில இருந்தாலும் போன கையில எடுத்து வெச்சிகினு பார்த்துகினே இருப்பேன். அப்புறம் நின்னுடும். சரி, அப்பா நாளைக்கு எழுதுவாருன்னு நெனச்சிப்பேன். இன்னைக்கு நிக்கவே இல்லப்பா. அதான் மனசு கேக்கல. உங்களுக்கு எதுனா ஆயிடிச்சோன்னு…"

வேடியப்பன் என்னைப் பார்த்தார். அடித்ததை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். செல்போன் கடை வைத்திருக்கிறேன், எனக்கே தோன்றவில்லை. இவர் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுதி எழுதி அழித்த ஒவ்வொரு சாயங்காலமும் ஓசூரில் ஒரு பெண் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். கடைக்கு வந்து நின்ற ஆளைக் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

அப்போதுதான் வேடியப்பனுக்குப் பேச்சு வந்தது. வந்ததும் கோபமாகத்தான் வந்தது.

"ஏண்டி, தெனம் பார்த்துகினே இருந்தியே, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீங்கதானேப்பா பண்ணாதன்னு சொன்னீங்க."

"நான் சொல்லுவேண்டி, ஆயிரம் சொல்லுவேன்! பொறந்ததுலருந்து நான் சொன்ன பேச்ச எதையாச்சும் கேட்டிருக்கியா நீ?" என்று கத்தினார். கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமலேயே பட்டு வேட்டிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "இது ஒண்ண மட்டும் ஏண்டி கேட்ட?"